தூதரகத்துக் கம்பளி வீடு

பால் வாளியோடு வெளியே வந்த சைரகுல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முற்றத்தில் கம்பளி வீட்டைக் காணோம். முந்தின மாலைதான் கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். இப்போது அது நின்ற இடத்தில் வெளிறிப்போன புல் ஒரு வட்டமாகத் தெரிந்தது. பசு கயிற்றின் நீளத்துக்கு வந்து அந்த வெளிறிய புல்லை முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிற சாமானா அது? தட்டிகளை மடக்கி, கைமரங்களை உருவி, முகட்டு வளையத்தை நாலு பேர் தாங்கி இறக்கி, கம்பளிகளைச் சுருட்டி வண்டியில் ஏற்ற வேண்டும். இத்தனையும் நடந்திருக்கிறது, அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முந்தின நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் ஒத்திகை பார்த்த அசதி.

எசென் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். சட்டையெல்லாம் கம்பளி ரோமம்.

"என்னங்க, வீடு எங்க?"

"எந்த வீடு?"

"காலங்காத்தால விளையாடாதீங்க."

எசென் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினான். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேச வேண்டியிருக்கும்போது கைகழுவுவது அவன் வழக்கம்.

"அசனாலி பெரியப்பா போயிட்டாரு."

சைரகுல் வாளியைக் கீழே வைத்தாள். "எப்போ?"

"விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. டீ கேட்டாராம். கலிபா பெரியம்மா போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாரு. டீ ஆறிடுச்சுன்னு திட்டக்கூட இல்லையாம். அப்பத்தான் பெரியம்மாவுக்குத் தெரிஞ்சுதாம்."

அவள் முகத்தைக் கையால் தடவி, ஒரு பிரார்த்தனையை முணுமுணுத்தாள். அது முடிந்ததும் கேட்டாள்: "அதுக்காக நம்ம வீட்டை?"

"வேற எந்த வீட்டைக் குடுக்கிறது? ஊர்ல இருக்கிற கம்பளி வீடெல்லாம் ஆட்டு மந்தையோட மலைக்குப் போயிடுச்சு. கீழ நின்னது இது ஒண்ணுதான். அவர் மகன் பாக்கித் வந்து வேலிகிட்ட நின்னான். வாயைத் திறக்கல. சும்மா நின்னான். நான் போய்ச் சாவியை எடுத்துட்டு வந்தேன்."

"என்னை ஒரு வார்த்தை எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பியா?"

கோக்-தாலா ஊரில் செத்தவரைச் செங்கல் வீட்டில் கிடத்தமாட்டார்கள். கம்பளி வீடு போட்டு, அதற்குள் உடம்பை வைத்து, உள்ளே பெண்களும் வெளியே ஆண்களும் அழுதால்தான் அது சாவு. கம்பளி வீடு வைத்திருப்பவன் சாவுக்கு இல்லை என்று சொன்னதாக அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கதைகூடக் கிடையாது.

"இன்னிக்கு யார் வர்றாங்கன்னாவது ஞாபகம் இருந்ததா?" என்று மட்டும் கேட்டாள்.

எசென் கையைத் துடைத்தான். "பாதி கைமரம் உருவினப்புறம் ஞாபகம் வந்துது."

மானியம் கொடுத்த வெளிநாட்டுத் தூதரகத்திலிருந்து, அது எப்படிப் பயன்படுகிறதென்று பார்க்க ஹெலன் வருகிறாள். நரின் நகரத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சைரகுல், ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதி வாங்கிய மானியம் அது. அதில் வந்ததுதான் கம்பளி வீடு, உள்ளே இருக்கிற உலகப்படம், புத்தகங்கள், எல்லாம். பள்ளி முடிந்தபின் ஊர்ப் பிள்ளைகள் அங்கே கூடி ஆங்கிலம் பேசப் பழகினார்கள். இந்த முதல் ஆண்டு ஒழுங்காக நடந்ததென்று ஹெலன் சொல்லிவிட்டால், இரண்டாம் ஆண்டில் ஆறு பிள்ளைகள் கடல் தாண்டிப் போய் அங்குள்ள குடும்பங்களோடு தங்கிப் படித்து வருவார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் இங்கே வந்து தங்குவார்கள். ஆறு வீட்டிலும் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. ஒரு வீட்டில் பெட்டிகூட வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நடையாய் நடந்து, பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று இழுத்தவர்களிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கியவள் சைரகுல்தான்.

மானியப் பொருள்களை வகுப்பு தவிர வேறெதற்கும், முக்கியமாக மதச் சடங்குக்கு, தரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

அதுவும் யாருக்குப் போயிருக்கிறது? அசனாலிக்கு. அந்த வீட்டைப் போட்ட நாளிலிருந்து அதைக் கரித்துக்கொட்டியவர் அவர். சைரகுலுக்குத் 'தூதரம்மா' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். முதல் நாளே வந்து கைத்தடியால் தட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கட்டினது சரிதான். ஆனா இது வீடில்ல, பொம்மை. ஒரு வீடுன்னா அதுல ஒரு சாவு நடந்திருக்கணும். சாவு நடக்காத வீட்டுல எம்பேத்தி உக்காரமாட்டா" என்று சொல்லிப் பேத்தி பெகிமாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது சைரகுலுக்கு இன்னும் மறக்கவில்லை.

தூதரகத்தில் ஹெலனுக்கு உதவியாளனாக இருக்கும் ரஹத்தின் கைப்பேசிக்கு முயன்றாள். கார் கணவாய்க்குள் நுழைந்திருக்க வேண்டும், அழைப்பு போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாமென்றால் அங்கே தரைக்கு வர்ணம் அடித்துப் பூட்டியிருந்தார்கள்.

"ஒண்ணு செய்யலாம்," என்றான் எசென். "பாலத்துக்கிட்ட நான் நிக்கறேன். காரை மறிச்சு, பின்தெரு வழியா நேரா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன். நீ சாப்பாடு போடு, போட்டோவைக் காட்டு. வீடு எங்கன்னு கேட்டா மலைக்கு அனுப்பியிருக்கோம்னு சொல்லு."

"பொய்யா?"

"பெரியப்பா உடம்பு நாளைக்குப் போறது மலையடிவாரத்துக்குத்தானே. பாதி நெஜம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. அடுத்த நிமிடமே கதவிலிருக்கும் பலகையின் நினைவு வந்தது. இரண்டு நாட்டுக் கொடியும் வரைந்து, தூதரகத்தின் பேரைப் பெரிதாகப் பொறித்த பித்தளைப் பலகை. தெருவில் போகிற யாருக்கும் தெரியும். கருப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, மேலங்கிப் பையில் ஒரு திருப்புளியைப் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாவு வீட்டில் புகையும் எண்ணெய் வாடையும் தெருவரை வந்தன. வேலியோரம் பெரிய கொப்பரைகளை அடுப்பேற்றியிருந்தார்கள். பெண்கள் மாவைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணெயில் போட, போர்சோக் பொன்னிறமாகப் பொங்கி மேலே வந்தது. கம்பளி வீட்டுக்கு வெளியே பாக்கித்தும் பங்காளிகளும் இடுப்பில் துணி கட்டி, கைத்தடியில் குனிந்து சாய்ந்து, தெருவில் யாராவது தலைகாட்டும்போதெல்லாம் "என் அப்பாவே, என் மலையே" என்று குரலெடுத்தார்கள். ஆள் உள்ளே போனதும் குரல் தணிந்து, மூக்கைச் சிந்தி, குதிரைக்கறிக்கு உப்பு போட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டார்கள்.

பலகை பளபளவென்று இருந்தது. யாரோ புண்ணியவான் துடைத்துவேறு விட்டிருந்தான். அத்தனை பேர் முன்னால் திருப்புளியை எடுக்க முடியுமா? முதலில் உள்ளே போய் அழுதுவிட்டு வரலாமென்று தலையைக் குனிந்து நுழைந்தாள்.

வீட்டைப் பெயர்த்த ஆண்கள், அது இன்னொருவர் வீடு என்ற மரியாதையில், எது எங்கே இருந்ததோ அதை அங்கேயே திரும்ப மாட்டியிருந்தார்கள். ஆங்கில எழுத்துப் படம் அதன் இடத்தில். வினைச்சொல் அட்டவணை அதன் இடத்தில். இடப்பக்கம் திரைக்குப் பின்னால் அசனாலி கிடந்தார், அவர் தலைமாட்டில் உலகப்படம். துக்கத்திலிருக்கும் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது வழக்கமல்லவா? கலிபா வினைச்சொல் அட்டவணைக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி ஆடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

சைரகுலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. நல்லவேளை அழுகை முந்திக்கொண்டது. ஓடிப்போய்க் கலிபாவைக் கட்டிக்கொண்டாள்.

கலிபா அழுகையை நிறுத்தாமலே காதருகில் கேட்டாள்: "பையில என்னடி, விலாவுல குத்துது?"

"திருப்புளி, பெரியம்மா."

"சாவு வீட்டுக்கு எதுக்குடி திருப்புளி?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கதவுல இருக்கிற பலகையைக் கழட்டலாம்னு வந்தேன். இன்னிக்குத் தூதரகத்துக்காரங்க வர்றாங்க. வீட்டை இதுக்கெல்லாம் குடுக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

கலிபா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்களால உனக்குத் தொந்தரவு ஆயிடுச்சா?"

"அப்படி இல்ல பெரியம்மா."

"ஆயிடுச்சு. முகத்துல எழுதியிருக்கு. ஆனாலும் அந்தப் பலகை அது பாட்டுக்கு இருக்கட்டும்டி. உசுரோட இருந்தப்போ இந்த வாசல்ல காலை வைக்கமாட்டேன்னாரு. போறப்பவாவது எந்த வீட்டுலேர்ந்து போறோம்னு தெரிஞ்சுக்கட்டும்."

சைரகுல் திருப்புளியைப் பையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும் ஒரு பெண் மாவுப் பலகையைக் காட்டினாள். மறுபேச்சில்லாமல் கையைக் கழுவி உட்கார்ந்து பிசையத் தொடங்கினாள். ஆங்கில வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒத்திகை பார்த்த ஆட்டம் பாட்டம் எதற்கும் இனி வழியில்லை. துக்கத்தில் நரம்புக்கருவியைத் தொடக்கூடாது. பிள்ளைகள் தண்ணீர் சுமந்தார்கள், சாணவறட்டி உடைத்தார்கள், வருகிறவர்கள் கைகழுவக் கூஜாவும் துண்டுமாக நின்றார்கள். எசென் பாலத்தில் நிற்கிறான் என்ற ஒரே தைரியத்தில் சைரகுல் மாவைப் போட்டு அடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் எசெனே வேலிக்குள் வந்தான், கையில் ஒரு குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க பாலத்துல இல்ல?"

"மேய்ச்சல்லேர்ந்து குதிரையைப் பிடிச்சுட்டு வரணும், ஆள் இல்லைன்னு வந்து நின்னாங்க."

"உடனே கிளம்பிட்டீங்க."

"வந்து நின்னாங்களேடி," என்றான் எசென் பாவமாக.

அவள் வாய் திறப்பதற்குள் தெருக்கோடியில் வெள்ளைக் கார் தெரிந்தது.

காரை ஓட்டிவந்த துர்சுன் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன். கம்பளி வீடும், அதன் வெளியே தடியூன்றி நிற்கும் ஆண்களும் கண்ணில் பட்ட பிறகு அதைத் தாண்டி வண்டியை ஓட்ட அவனுக்குக் கால் வருமா? நடுத்தெருவில் நிறுத்தினான். கதவைத் திறந்து குதித்து, "ஐயோ என் உறவே, என் உறவே" என்று அலறிக்கொண்டு ஓடினான். செத்தது யாரென்றே அவனுக்குத் தெரியாது. ஆண்களும் பதிலுக்குக் குரலெடுத்து அவன் தோளில் சாய்ந்தார்கள். பின்சீட்டில் இருந்த ஹெலன், காலையிலிருந்து வேடிக்கையாகப் பேசிக்கொண்டு வந்த மனிதனுக்கு வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துப் பதறி, அவன் பின்னாலேயே ஓடி வந்தாள். வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்துவது மரியாதையா? இரண்டு பெண்கள் கைக்கொருவராகப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்விட்டார்கள்.

சைரகுல் மாவுக் கையோடு ஓடினாள். வாசலில் ரஹத் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

உள்ளே ஹெலனைக் கலிபாவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஐம்பதைத் தொடும் அந்தப் பெண், தன் தூதரகம் கொடுத்த வினைச்சொல் அட்டவணையை மூக்குக்கு நேரே பார்த்தபடி முழங்காலில் கைவைத்து அசையாமல் இருந்தாள். கலிபா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒப்பாரி கேட்பவர் முகத்துக்குத் தகுந்தபடி வளரும். அவள் குரலை உயர்த்தினாள்.

"தூரத்து நாட்டுப் பொண்ணு வந்தா, துக்கம் கேக்க வந்தாளே. நீங்க ஏசின ஏச்சைக் கேக்காமலே எட்டு மலை தாண்டி வந்தாளே. அவ குடுத்த வீட்டுலதான் அடங்கிக் கிடக்கீங்க, என் ராசாவே. எழுந்திருச்சு ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லக் கூடாதா."

உள்ளே இருந்த பெண்களுக்குத் தோள் குலுங்கியது. அழுகையா வேறெதுவுமா என்று சொல்வதற்கில்லை.

"என்ன பாடுகிறார்?" என்று ஹெலன் மெதுவாகக் கேட்டாள். ஆறு பேரில் ஒருத்தியான மேரிம் கூஜாவோடு பின்னால் நின்றாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் திக்கித் திணறுகிற பெண். இப்போது குனிந்து, வரி வரியாக, ஏச்சையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். ஏன் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், ஏன் ஆண்கள் தடியூன்றி நிற்கிறார்கள், ஏன் டிரைவர் அழுதார் என்பதெல்லாம் கேட்கக் கேட்கச் சொன்னாள். கேட்ட எதற்கும் அவள் திக்கவில்லை. சைரகுல் வாசலில் நின்று அதைக் கேட்டாள். இத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததற்கு மனசு குளிர்ந்தது, இனி இவளை அனுப்ப முடியாதே என்று அதே மனசு எரிந்தது.

வெளியே வந்த ஹெலனை அவள் விறகடுக்குப் பக்கம் அழைத்துப்போனாள். மேற்கே மேகம் கறுத்து ஆலங்கட்டி நாலைந்து விழுந்தது. எசென் அழைக்காமலே கூட வந்து நின்றான். ரஹத்தும் வந்தான்.

"ஒப்பந்தத்தோட ஏழாவது பிரிவுல..." என்று ரஹத் தொடங்கினான்.

"தெரியும் தம்பி," என்றாள் சைரகுல். ஹெலனிடம் திரும்பினாள். "வீட்டைக் குடுத்தது நாங்கதான். கூடாதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தோம்."

"நாங்க இல்ல, நான்தான் குடுத்தேன். இவ தூங்கிட்டிருந்தா," என்றான் எசென். சைரகுல் அதை மொழிபெயர்க்கவில்லை. ரஹத் மொழிபெயர்த்துவிட்டான்.

"அவங்க கேட்டப்போ முடியாதுன்னு சொல்லியிருக்க முடியாதா?" என்று ஹெலன் கேட்டாள்.

"கேக்கமாட்டாங்க. வந்து நிப்பாங்க."

ஹெலன் ரஹத்தைப் பார்த்தாள். "உங்க ஊர்ல எப்படி?"

ரஹத் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எங்க ஊர்லயும் வந்து நிப்பாங்க மேடம்," என்றான் கடைசியில். "எங்கப்பாவும் சாவியைக் குடுத்துடுவாரு."

"சரி. அடுத்த வாரம் இன்னொருத்தர் போயிட்டா என்ன செய்வீங்க?"

இதுதான் கேள்வி என்று சைரகுலுக்குப் புரிந்தது. இனிமேல் நடக்காது என்று சொல்லிவிட்டால் போதும். தாள் முழுக்க நல்ல வார்த்தை எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு பொய் சொல்ல வராதா? ஆறு பிள்ளைகளும் கொப்பரைகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தார்கள். கம்பளி வீட்டுக்குள்ளிருந்து கலிபாவின் குரல் கேட்டது. சைரகுல் கையில் காய்ந்த மாவை உரித்தாள்.

"மறுபடியும் குடுப்பேன்," என்றாள்.

ஹெலன், மேரிம் கொண்டுவந்த டீயை வாங்கி இரண்டு வாய் குடித்தாள்.

"இந்தக் கோடையில நான் போன ஊர்லயெல்லாம் பிள்ளைகள் எனக்காக ஆடினாங்க," என்றாள். "அழகாத்தான் ஆடினாங்க. ஆனா ஒரு பிள்ளைகூட எங்கிட்டப் பேசல. இந்தப் பொண்ணு எவ்வளவு நேரமா பேசறா, பாருங்க." கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். "நடந்ததை நடந்தபடி நான் எழுதுவேன். நீங்களும் ஒண்ணு செய்யணும். அடுத்த வருஷ விண்ணப்பத்துல இதையும் எழுதிடுங்க. ஊர்ல யாராவது போயிட்டா வகுப்பை நிறுத்திட்டு வீட்டைக் குடுப்போம்னு. எழுதிட்டா அப்புறம் யாரும் கேக்கமாட்டாங்க."

"எழுதிடறேன்," என்றாள் சைரகுல். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அடுத்த வருஷமா?"

"ஆமா. ஆறு பேரும் செப்டம்பர்ல கிளம்பத் தயாரா இருக்கணும். அங்க குளிர் அதிகம், சொல்லி வையுங்க."

"இவங்களுக்கா குளிரைப் பத்தி," என்று ரஹத் முதல்முறையாகச் சிரித்தான். பிறகு இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, ஆண்களோடு போய் நின்றுகொண்டான்.

சைரகுல் அப்படியே விறகடுக்கின்மேல் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடைத்திருந்தது உடைந்து, வாய்விட்டு அழுதாள். அப்படி ஒரு சுகமான அழுகை அவள் அழுது எத்தனையோ காலமாயிற்று. போர்சோக் கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"பாவம்டி சைரகுல். பெரியவருக்காக எப்படி அழுவுது பாரு."

"அவரு இவளை ஏசாத ஏச்சா. மனசுன்னா இதுதான் மனசு."

எசென் திரும்பிக்கொண்டு தொட்டியைத் தேடினான், கைகழுவ.

மறுநாள் அசனாலியைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். துக்கத்தின் சோறெல்லாம் முடிந்தபின், எடுத்துப்போன அதே ஆண்கள் அதே வண்டியில் கம்பளி வீட்டைக் கொண்டுவந்து, வெளிறிய புல் வட்டத்தின்மேல் நிறுத்தி, எழுத்துப் படத்தையும் உலகப்படத்தையும் இம்மியும் பிசகாமல் மாட்டிவிட்டு, ஒரு கோப்பை மோர்கூடக் குடிக்காமல் போனார்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். சைரகுல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலிக்கு வெளியே கலிபா நின்றாள். துக்கத்திலிருப்பவள் இத்தனை சீக்கிரம் அடுத்த வீட்டு வாசலுக்கு வரமாட்டாள். அதனால் உள்ளே வராமல், வாயைத் திறக்காமல், சும்மா நின்றாள். பக்கத்தில் பெகிமாய், தலைவாரி, ஒரு பென்சிலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"என்ன பெரியம்மா?" என்று சைரகுல் ஓடினாள்.

"ஒண்ணுமில்ல. எம்புருசன் சொன்னதை மீறக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் இவளை அனுப்பல." கலிபா கதவுப் பலகையைப் பார்த்தாள், பிறகு பேத்தியின் முதுகில் கைவைத்து மெல்ல முன்னே தள்ளினாள். "சாவு நடக்காத வீட்டுல உக்காரக் கூடாதுன்னுதானே சொன்னாரு. அதான் அவரே செத்துக் குடுத்துட்டாரே. உள்ள போடி."